ஸ்மார்ட் போர்டு வந்த பிறகும் வகுப்பு ஏன் வாய் திறப்பதில்லை?

கேள்வி இதுதான்: "பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. எல்லா வகுப்பிலும் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, வைஃபை இருக்கிறது. ஆனால் மாணவர்கள் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. அசைன்மென்ட் கொடுத்தால் அறுபது பேரும் சாட்ஜிபிடியிலிருந்து எடுத்துக்கொண்டு வருகிறார்கள். தொழில்நுட்பத்தால் வகுப்பறை உண்மையிலேயே மாறுமா, இல்லை எல்லாம் வீண் செலவா?"

நான் தென்மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் 22 ஆண்டுகளாக மின்சுற்றுப் பாடம் எடுக்கிறேன். சாக்பீஸ், ஓ.எச்.பி., புரொஜெக்டர், ஸ்மார்ட் போர்டு, கூகுள் மீட் என்று எல்லாவற்றிலும் எடுத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை, ஒரு வகுப்பில் ஏற்கெனவே என்ன பழக்கம் இருக்கிறதோ அதைத்தான் கருவிகள் பெரிதாக்குகின்றன. ஆசிரியர் சொல்ல, பிள்ளைகள் எழுதிக்கொள்ளும் வகுப்பில் ஸ்மார்ட் போர்டை மாட்டினால் இன்னும் வேகமாகச் சொல்லலாம், அவ்வளவுதான். "புரியலை" என்று ஒரு பிள்ளை பயமில்லாமல் சொல்ல முடிகிற வகுப்பில் ஒரு சாதாரண செல்போனே பெரிய வேலை செய்யும். அதனால் முதலில் பழக்கத்தைப் பற்றிப் பேசிவிட்டு அப்புறம் கருவிக்கு வருகிறேன்.

கரும்பலகையில் ஒரு வேகம் உண்டு. கிர்ச்சாஃப் விதியை வைத்து மூன்று மெஷ் சமன்பாடு எழுத எனக்கு ஏழெட்டு நிமிடம் ஆகும். அந்த ஏழெட்டு நிமிடமும் மாணவர்களின் கை என் கையோடு கூடவே வரும். நடுவில் நான் ஒரு குறியை மாற்றிப் போட்டால் மூன்றாவது பெஞ்சிலிருந்து "சார், மைனஸ்" என்று குரல் வரும். புரொஜெக்டர் வந்ததும் அதே கணக்கை மூன்று ஸ்லைடில் போட்டேன். இரண்டே நிமிடத்தில் முடிந்தது. பாடம் சீக்கிரம் ஓடியது, சிலபஸ் நேரத்துக்கு முடிந்தது, எனக்கும் சந்தோஷமாக இருந்தது. இன்டர்னல் தேர்வுத் தாளைத் திருத்தும்போதுதான் உண்மை தெரிந்தது. பாதிப் பேர் முதல் சமன்பாட்டை எழுதிவிட்டு நேராக விடைக்குத் தாவியிருந்தார்கள். நடுவில் என்ன நடக்கிறது என்பதை அவர்கள் பார்த்ததே இல்லை, ஏனென்றால் நான் செய்து காட்டியதே இல்லை. அன்றிலிருந்து கணக்கென்றால் போர்டில் கையால்தான் போடுகிறேன். ஸ்மார்ட் போர்டிலும் எழுதலாம், தவறில்லை. ஒரு மின்தேக்கி எப்படி மின்னேற்றம் ஆகிறது என்று அசையும் படமாகக் காட்டுவதற்குத் திரை அருமையானது. எது எதற்கு என்று பிரித்துக்கொண்டால் போதும்.

இனி நீங்கள் சொன்ன அந்த மௌனம்.

"புரிஞ்சுதா?" என்று நாம் கேட்கிறோம். "புரிஞ்சுது சார்" என்று அறுபது பேரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். இந்தப் பதிலை மட்டும் நம்பாதீர்கள். அது பதிலே இல்லை, அது ஒரு மரியாதை. பன்னிரண்டு வருடம் பள்ளியில் எழுந்து நின்று "குட் மார்னிங் சார்" சொன்ன அதே குரல்தான் இது. புரியவில்லை என்று சொன்னால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். ஆசிரியர் முகம் சுளிப்பார், பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான், அல்லது "இதுகூடத் தெரியாமலா இன்ஜினியரிங் வந்தே?" என்று ஒரு வார்த்தை வந்து விழும். அந்த ஒரு வார்த்தை நான்கு வருடத்துக்குப் போதும்.

இதற்கு மேல் மொழி வேறு. தமிழ்வழியில் ப்ளஸ் டூ முடித்து வந்த பிள்ளைக்குச் சந்தேகம் தமிழில்தான் வரும். அதை ஆங்கிலத்தில் மாற்றி, இலக்கணம் சரிபார்த்து, எழுந்து நின்று கேட்பதற்குள் நாம் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்போம். 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகு இப்படிப்பட்ட பிள்ளைகள் நம் வகுப்புகளில் அதிகம் பார்க்கக் கிடைக்கிறார்கள். அவர்களில் பலர் வீட்டிலேயே முதல் பட்டதாரி. இவர்கள் பேசாமல் இருப்பதைப் பார்த்து ஆர்வமில்லை என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிவிடுகிறோம். அது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம், நானும் பல ஆண்டுகள் அப்படிச் சொன்னவன்தான்.

ஒரு வகுப்பை அருகில் காட்டுகிறேன். என்னுடைய இரண்டாம் செமஸ்டர் வகுப்பு, 58 பேர். போர்டில் ஒரு பேட்டரி, அதோடு வரிசையாகத் தொடரிணைப்பில் மூன்று ஒரே மாதிரியான பல்புகள். மூன்றாவது பல்பின் இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு வெறும் கம்பி, அதில் ஒரு சுவிட்ச். இப்போது சுவிட்சைப் போடுகிறேன், மற்ற இரண்டு பல்புகளின் வெளிச்சம் என்ன ஆகும்? கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா, எல்லாமே அணைந்துவிடுமா? நான்கு விடைகள்.

இந்தக் கேள்வி வகையும் முறையும் எனக்கு வந்த வழியைச் சொல்ல வேண்டும். ஹார்வர்டில் இயற்பியல் எடுக்கும் எரிக் மஸூர் என்பவர் 1990களின் தொடக்கத்தில் தன் மாணவர்களைச் சோதித்தார். கடினமான மின்சுற்றுக் கணக்கை அவர்கள் சமன்பாடு எழுதிச் சரியாகப் போட்டுவிட்டார்கள். ஒரு பல்பைக் குறுக்குச்சுற்று செய்தால் என்ன ஆகும் என்ற எளிய கேள்வியில் தடுமாறினார்கள். அங்கிருந்து அவர் உருவாக்கியதுதான் சக மாணவர் வழிக் கற்பித்தல். கேள்வி கேட்பது, ஒவ்வொருவரும் தனியாக விடை தேர்ந்தெடுப்பது, பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது, மறுபடி விடை தேர்ந்தெடுப்பது. ஹார்வர்டிலேயே இந்த நிலை என்றால் நம் பிள்ளைகளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

விடையைத் தேர்ந்தெடுக்க அங்கே கிளிக்கர் என்ற, பொத்தானை அழுத்தி விடை அனுப்பும் கையடக்கக் கருவியைக் கொடுத்தார்கள். நம்மிடம் அது இல்லை. நான் பயன்படுத்துவது பிளிக்கர்ஸ் என்ற செயலி. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தாள், அதில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு வடிவம். தாளை எந்தப் பக்கம் மேலே வருமாறு பிடிக்கிறார்களோ அதுதான் அவர்களின் விடை. ஏ, பி, சி, டி எழுத்துகள் ஓரத்தில் பொடியாக இருக்கும், பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தாலும் எளிதில் தெரியாது. நான் முன்னால் நின்று என் போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றினால் யார் என்ன சொன்னார்கள் என்று என் போன் திரையில் வந்துவிடும். மாணவர் யாருக்கும் போன் வேண்டாம், டேட்டா வேண்டாம். தாள்களை ஜெராக்ஸ் எடுத்து அட்டையில் ஒட்டியது எல்லாம் சேர்த்து எனக்கு நூற்றைம்பது ரூபாய்கூட ஆகவில்லை.

முதல் சுற்றில் பாதிக்கு மேல் தப்பு. "அப்படியே இருக்கும்" என்பதுதான் அதிகம் வந்த விடை. சரியான விடை எது என்று நான் சொல்லவில்லை. "பக்கத்துல உள்ளவங்ககிட்ட பேசி ஒத்துக்க வைங்க, ரெண்டு நிமிஷம், தமிழ்லயே பேசுங்க" என்றேன். பத்து விநாடி யாரும் அசையவில்லை. அப்புறம் ஜன்னல் பக்கத்தில் ஒரு பையன் ஆரம்பித்தான். "டேய், கம்பி வழியா போறதுக்குத் தடையே இல்லடா, மூணாவது பல்புக்குள்ள ஏன் போகப் போவுது? அப்போ மிச்சம் ரெண்டு பல்புதான், மொத்தத் தடை குறைஞ்சிடுச்சு, கரண்டு கூடும்ல?" இதைவிட நல்ல விளக்கத்தை நான் ஒருநாளும் கொடுத்ததில்லை. இரண்டாம் சுற்றில் பெரும்பாலான தாள்கள் சரியான பக்கம் திரும்பின. முன்பு ஒவ்வொரு பல்புக்கும் மூன்றில் ஒரு பங்கு மின்னழுத்தம், இப்போது பாதி, அதனால் வெளிச்சம் கூடுகிறது என்று நான் போர்டில் எழுதியபோது தலைகள் ஆடின. அந்தப் பையன் அதற்கு முன் என் வகுப்பில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கவனியுங்கள், இங்கே வேலை செய்தது மூன்று விஷயம். தப்பான விடை சொன்னவர் யார் என்று வகுப்புக்குத் தெரியவில்லை. பேச அனுமதி கிடைத்தது. அதுவும் தமிழில் கிடைத்தது. செயலி முதல் விஷயத்தை மட்டும்தான் செய்தது. மற்ற இரண்டும் ஆசிரியர் கையில் இருக்கிறது.

முதல் சுற்றில் சரியான விடை சுமார் 30 முதல் 70 சதவீதத்துக்குள் வந்தால் மட்டும் பேசவிடுங்கள். அதற்கும் கீழே என்றால் பேசுவதற்கு வகுப்பில் யாருக்கும் தெரியாது, நீங்களே மறுபடி நடத்த வேண்டும். மேலே என்றால் ஒரு வரியில் விளக்கிவிட்டு நகரலாம்.

இதெல்லாம் சும்மா ஆர்வத்தில் சொல்கிறார் என்று நினைக்கலாம். 2014இல் ஸ்காட் ஃப்ரீமனும் குழுவினரும் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வெறும் விரிவுரை வகுப்புகளில் சராசரித் தோல்வி 33.8 சதவீதம். மாணவர்கள் தாங்களே ஏதாவது செய்கிற வகுப்புகளில் 21.8 சதவீதம். நம் ஊர்க் கணக்கில் இதை அரியர் என்று படித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை, இதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். இப்படி நடத்த ஆரம்பித்தால் முதல் செமஸ்டரில் உங்கள் ஃபீட்பேக் மதிப்பெண் குறையலாம். 2019இல் ஹார்வர்ட் இயற்பியல் வகுப்புகளில் லூயி டெலோரியே குழு செய்த ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. தாங்களே யோசிக்க வேண்டியிருந்த வகுப்பில் மாணவர்கள் உண்மையில் அதிகம் கற்றார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். நன்றாகப் பேசுகிற ஆசிரியரின் விரிவுரையைக் கேட்டவர்கள் குறைவாகக் கற்றார்கள், நிறையக் கற்றதாக உணர்ந்தார்கள். மூளைக்குச் சிரமம் வந்தால் "சார் சரியா நடத்தலை" என்று தோன்றுவது இயற்கை. ஆகவே செமஸ்டர் தொடக்கத்திலேயே மாணவர்களிடம் இந்த ஆய்வைச் சொல்லிவிடுங்கள். துறைத் தலைவரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள், ஏனென்றால் அந்த இரண்டு நிமிடமும் வகுப்பிலிருந்து சத்தம் வரும். நம் கல்லூரிகள் பலவற்றில் சத்தம் என்றாலே ஒழுங்கீனம். மாணவரும் மாணவியும் பேசிக்கொள்ளக் கூடாது என்று விதி வைத்திருக்கும் இடங்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் கலந்துரையாடல் என்று பாடத்திட்டத்தில் எழுதி என்ன பயன்? அந்த விதியை எதிர்த்துப் பேசுவதும் நம் வேலையில் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன். அது நடக்கிறவரை பெஞ்சுக்குள்ளேயே பேசவிடுங்கள்.

கொரோனா காலம் எனக்கு ஒரு விஷயத்தைக் கற்றுக்கொடுத்தது. 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடின. கூகுள் மீட்டில் 58 கறுப்புக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்தினேன். பல வீடுகளில் ஒரே போன், அதை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். தமிழ்நாடு அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி இலவச டேட்டா கொடுப்பதாக அறிவித்தது. அது பலருக்கு உதவியது. ஆனாலும் நேரலை வகுப்பு நேரில் இருந்ததைவிட மௌனமாகவே இருந்தது. இரவு பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் தனியாகச் செய்தி வரும்: "சார் மூணாவது ஸ்டெப் எப்படி வந்துச்சு". கூடவே நோட்டின் ஒரு போட்டோ, சந்தேகம் உள்ள இடத்தில் பென்சில் வட்டம். வகுப்பில் வாய் திறக்காத பெண்கள்தான் இப்படி அதிகம் கேட்டார்கள். கேள்விகள் எப்போதும் இருந்தன, கேட்பதற்கான இடத்தைத்தான் நாம் கொடுக்கவில்லை என்று அன்று உறைத்தது.

கல்லூரி திறந்த பிறகும் அதை விடவில்லை. கூகுள் ஃபார்மில் ஒரே ஒரு பெட்டி வைத்திருக்கிறேன், பெயர் கேட்பதில்லை, தமிழிலோ தங்கிலீஷிலோ எழுதலாம். "இன்றைய வகுப்பில் எந்த இடத்தில் விட்டுப்போனது?" அவ்வளவுதான். மறுநாள் முதல் பத்து நிமிடம் அந்தக் கேள்விகளுக்கு. சொந்த எண்ணில் இரவெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், மாணவிகளோடு தனிச்செய்தி வழியாகப் பேசுவதில் வரும் சங்கடங்களும் இருக்கின்றன. பெயரில்லாத படிவம் எல்லோருக்கும் பாதுகாப்பு.

என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் திட்டம் பற்றிச் சுருக்கமாக. 2003இல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கியது. நாட்டின் மிகச் சிறந்த ஆசிரியர்களின் பாடம் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது, இதைவிட என்ன வேண்டும்? ஆனால் கிரெடிட்டுக்காகக் கட்டாயமாகச் சேர்க்கப்படும் மாணவர் என்ன செய்கிறார் என்று நமக்குத் தெரியும். வாராந்திர அசைன்மென்ட் விடைகள் யூடியூபில் கிடைக்கின்றன, அதை டிக் அடித்துவிட்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் தவிக்கிறார். நான் ஒரு செமஸ்டரில் பதினைந்து பேரை வாரம் ஒருநாள் மாலை லேப்பில் உட்காரவைத்து, வீடியோவைச் சேர்ந்து பார்த்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பேசவைத்தேன். அந்தப் பதினைந்து பேரும் தேர்வு எழுதினார்கள். வீடியோ அதேதான்.

போனைப் பிடுங்கி வைப்பது பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பாடம் நடக்கும்போது திரை திறந்திருக்கக் கூடாது. கனடாவில் 2013இல் வந்த ஓர் ஆய்வில், வகுப்பில் லேப்டாப்பில் வேறு வேலை பார்ப்பவரின் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்தவர்களின் தேர்வு மதிப்பெண் 17 சதவீதம் குறைந்தது. தன் படிப்பு மட்டும் கெட்டால் அது அவர் விருப்பம் என்று விடலாம், பின்பெஞ்சில் இருப்பவர் படிப்பும் போகிறது. இந்தக் காரணத்தைச் சொல்லிக் கேட்டால் கல்லூரிப் பிள்ளைகள் உள்ளே வைத்துவிடுகிறார்கள். அவமானப்படுத்திப் பிடுங்கினால் அடுத்த வாரம் மேசைக்கு அடியில் போய்விடும்.

இப்போது சாட்ஜிபிடி. 2022 நவம்பர் இறுதியில் வந்தது. அதற்கு முன்னால் அசைன்மென்ட் எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். முதல் ரேங்க் மாணவியின் நோட்டு ஹாஸ்டல் முழுக்கச் சுற்றும், அறுபது பேர் கையால் பார்த்து எழுதுவார்கள். லோக்கல் ஆதர் புத்தகத்தை அப்படியே எழுதினால் பதின்மூன்று மார்க் கேள்விக்குப் பதினொன்று போடுகிற பழக்கம் நம்முடையது. அதனால் மாணவர்கள் திடீரென்று கெட்டுப்போய்விட்டார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பார்த்து எழுதுவதை நாம் பல காலமாகப் படிப்பு என்று ஏற்றுக்கொண்டு வந்தோம், இந்தக் கருவி அதை வேகமாக்கியிருக்கிறது.

ஆனால் பாதிப்பு உண்மையானது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதத்தில் சோதித்தார்கள். சாட்ஜிபிடியை இயக்கும் ஜிபிடி-4 கையில் இருந்தபோது பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் கூடுதலாக எடுத்தார்கள். அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொட்டே பார்க்காத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைவு. விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்கள் வடிவமைத்த வகையில் அந்த இழப்பு பெரும்பாலும் இல்லை. அவர்கள் பள்ளிப் பிள்ளைகள், நம்முடையவர்கள் கல்லூரி. இருந்தாலும் என் வகுப்பில் நான் பார்ப்பது இதேதான்.

தயவுசெய்து, இயந்திரம் எழுதியதா என்று சொல்லும் கண்டுபிடிப்பான் மென்பொருளை நம்பி யாருக்கும் பூஜ்யம் போடாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்பானைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை வைத்து ஸ்டான்ஃபோர்டில் பார்த்தபோது, கண்டுபிடிப்பான்கள் சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று தப்பாகச் சொல்லின. எளிய சொற்களில், ஒரே மாதிரி வாக்கியங்களில் கஷ்டப்பட்டு ஆங்கிலம் எழுதுகிற நம் பிள்ளைதான் அதில் மாட்டுவார். கல்லூரியிலேயே மிகவும் தயங்கித் தயங்கி வந்த பிள்ளையை நாம் பொய்யர் என்று சொல்லிவிட்டால் அந்தக் காயம் ஆறாது.

நான் மாற்றிக்கொண்டது இது. அசைன்மென்ட் எழுதி வரட்டும், எதை வைத்து வேண்டுமானாலும் எழுதட்டும். மார்க்கில் பாதி, என் முன்னால் மூன்று நிமிடம் பேசுவதற்கு, தமிழில் பேசலாம். "இந்த வரியில் ஏன் இரண்டால் வகுத்தாய்?" என்று ஒரு கேள்வி. 58 பேருக்கு மூன்று லேப் வகுப்புகளில் பிரித்து முடித்துவிடுவேன், ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்துப் போடும் நேரத்தோடு நேரமாக. இன்னொன்று, அதே மூன்று பல்புக் கேள்வியைச் சற்றுச் சிக்கலாக்கிச் சாட்ஜிபிடியிடம் கேட்டு, வந்த விடையை அச்செடுத்துக் கொடுக்கிறேன். சில நாள் அது சரி, சில நாள் தப்பு. சரியா தப்பா, எந்த வரியில் தப்பு என்று சிவப்புப் பேனாவால் திருத்தித் தர வேண்டும். ஒரு ஆசிரியரின் பேனா கையில் கிடைத்ததும் பிள்ளைகளுக்கு வரும் உற்சாகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். தப்பே இல்லாத விடையில் தப்பைத் தேடித்தேடி, கடைசியில் "சார், இது சரியாத்தான் இருக்கு" என்று தைரியமாக வந்து சொல்கிறார்களே, அது எனக்கு எந்த ரிசல்ட் சதவீதத்தையும்விடப் பெரிது.

வீண் செலவா என்ற உங்கள் கேள்விக்கு: கல்லூரிக்குத் தரச்சான்று கொடுக்கும் நாக் குழுவுக்குக் காட்டப் போட்டோ எடுத்துக் கோப்பில் வைப்பதற்காக மட்டும் வாங்கினால் வீண் செலவுதான். அரசு 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ டேப்லெட்டோ தருவதாக அறிவித்திருந்தது. முதல் பட்டதாரி வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். என் மாணவி ஒருத்தி 2011இல் தொடங்கிய திட்டத்தில் கிடைத்த பழைய மடிக்கணினியைத் தன் தம்பிக்குக் கொடுத்து, அவனும் அதிலேயே புரோகிராமிங் படித்தான். கருவியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

நீங்கள் அடுத்த திங்கட்கிழமை ஒன்று மட்டும் செய்யுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, அன்றைய பாடத்திலிருந்து நான்கு விடையுள்ள ஒரு கேள்வி. பிளிக்கர்ஸ் தாள் தயாராகாவிட்டால், கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சுக்கு நேராக விரலைக் காட்டச் சொல்லுங்கள், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எண்ணிக்கொள்ளுங்கள். யார் எதைக் காட்டினார் என்று வெளியில் சொல்லாதீர்கள். அப்புறம் இரண்டு நிமிடம் பேசவிடுங்கள். முதல் நாள் ஒருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தால் கலங்க வேண்டாம், என் வகுப்பில் மூன்றாவது வாரம்தான் சத்தம் வந்தது.